தட்டிக்குப் பின்னால் இரண்டு நிமிடம்

ஹ்ருஷ்கோவ்
8 மார்ச் 1981

என் செல்லம் ஸ்வதவாவுக்கு,

பாட்டி எழுதுகிறேன். முட்டி வலியைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. உன் இருமல் விட்டதா? பிர்னோ விடுதியில் கணப்பைச் சாயங்காலமே அணைத்துவிடுகிறார்கள் என்று எழுதியிருந்தாய். கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டே படி. அழகு பார்க்காதே.

முதலில் நல்ல சேதிகள். உன் மாமா மகன் ராதோவான் கடைசல் பரீட்சையில் தேறிவிட்டான். லாரித் தொழிற்சாலையில் அவனுக்கென்று தனி இயந்திரம் கொடுத்திருக்கிறார்கள். அவன் தங்கை க்வெட்டுஷ, மாவட்டப் போட்டியில் ருஷ்யக் கவிதை சொல்லி இரண்டாம் பரிசு வாங்கினாள். முதல் பரிசு வாங்கிய பெண் பாதியில் மறந்துபோய் நின்றாளாம், ஆனால் அவள் அப்பா பெரிய பதவியில் இருக்கிறார். சின்னவன் ச்டிபோருக்கு வளர்ப்புப் பிராணிக் கண்காட்சியில் பதக்கம். பதக்கம் முயலுக்குத்தான் என்று உன் மாமா கேலி செய்கிறான். முயல் தானாகவா கொழுத்தது?

எல்லாவற்றுக்கும் மேலே நீ. அரையாண்டில் எல்லாப் பாடத்திலும் முதல் தரம். ரொட்டிக் கடை வரிசையில் அதைச் சொன்னேன். கேட்காதவர்களுக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன். உன் அம்மா இறந்தபோது உனக்கு நாலு வயது. உன் அப்பா ஸ்லோவாக்கியாவில் வேறு குடும்பம் தேடிக்கொண்டார். அஞ்சாம் வகுப்போடு நின்ற நான் வளர்த்த பெண் டாக்டராகப் போகிறாள் என்றால் நான் சொல்லிக்கொள்ளாமல் வேறு யார் சொல்வார்கள்?

ஊராட்சித் தலைவர் குபாலெக் உன் மனுவுக்கு நற்சான்று எழுதிவிட்டான். கூப்பிட்டு வாசித்துக் காட்டினான். "குடும்பத்தார் அனைவரும் நமது சோஷலிச அமைப்பின்மேல் உண்மையான பற்றுடையவர்கள்" என்று இருந்தது. கேட்க நன்றாகத்தான் இருந்தது.

"அத்தே, இதுல ஒரு வரி மாறினாலும் மருத்துவக் கல்லூரி கதவு சாத்திடும். ஜூன்ல தேர்தல் வருது. அதுவரைக்கும் பாத்து நடந்துக்குங்க" என்றான்.

"எழுபத்தொரு வருஷமா பாத்துத்தான்டா நடக்கறேன் அர்னோஷ்ட். உனக்கு மூக்கு சிந்திவிட்டவ கிட்டயே புத்தி சொல்றியா?" என்றேன். சிரித்தான்.

பார்சலில் கசகசா வைத்த கொலாச் ரொட்டி பன்னிரண்டு இருக்கிறது. அறைத் தோழிகளுக்கு நாலுக்கு மேல் கொடுக்காதே.

உன் பாட்டி
ஃபிலொமேனா

*

பிர்னோ
12 ஏப்ரல் 1981

அன்புள்ள பாட்டிக்கு,

இருமல் போய்விட்டது. முட்டிக்குச் சூடான தவிட்டு ஒத்தடம் கொடுங்கள், ஆனால் தோல் வெந்துபோகிற அளவுக்கு வேண்டாம். கொலாச் வந்த அன்றே தீர்ந்துவிட்டது. நாலு கணக்கு எடுபடவில்லை.

மனுவை அனுப்பிவிட்டேன். ஜூன் மூன்றாம் வாரம் நுழைவுத் தேர்வு. வேதியியல் எனக்குப் பயமில்லை. பயமெல்லாம் அதோடு போகிற காகிதங்களைப் பற்றித்தான். எங்கள் வகுப்பாசிரியை வெளிப்படையாகவே சொன்னார்: "மார்க்கு உங்க கையில. மிச்சம் உங்க வீட்ல இருக்கறவங்க கையில." என் பெயர் உங்கள் வீட்டு முகவரியில்தான் பதிந்திருக்கிறது. ஆகவே வீடு என்றால் நீங்கள் ஒருவர்தான்.

அதனால் ஒரே ஒரு வேண்டுகோள். தேர்தல் அன்று சீக்கிரமே போய்ச் சீட்டைப் பெட்டியில் போட்டுவிட்டு வந்துவிடுங்கள். குபாலெக் மாமாவோடு வாக்குவாதம் வேண்டாம். நம் தொகுதிக்கு இந்தத் தடவையும் தோழர் ஷ்டெஃபல்தானாம், பேப்பரில் படம் வந்திருந்தது. நம் ஊர்ப்பக்கம் வேலை பார்த்தவர் என்று போட்டிருந்தார்கள். உங்களுக்குத் தெரிந்தவரா?

எனக்கும் இதுதான் முதல் வாக்கு. பள்ளியிலிருந்து வரிசையாக அழைத்துப் போவார்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்
ஸ்வதவா

*

ஹ்ருஷ்கோவ்
8 ஜூன் 1981

என் ஸ்வதவாவுக்கு,

நான் நலம். வெயில் வந்ததும் முட்டி தேவலை. நீ சாப்பிடாமல் படிக்கிறாய் என்று எனக்குக் கனவு வந்தது. பொய் என்று எழுது.

தேர்தல் முடிந்தது. சிரிக்காமல் படி, இல்லாவிட்டால் சிரித்துக்கொண்டே படி. வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்குப் பள்ளிக்கூடத்தில் பெட்டி திறந்தார்கள். நானும் யூஃபேமியாவும் கைகோத்துக்கொண்டு போனோம். பழைய பாதிரியார் வீட்டில் சமையல் பார்த்தாளே, பக்கத்து வீட்டு யூஃபேமியா, அவள்தான். பித்தளை வாத்தியம் வாசலிலேயே ஊதிக்கொண்டிருந்தது. கடையில் வாழைப்பழம் வந்திருந்ததால் வாக்குக்கு நின்ற கூட்டத்தைவிட வாழைப்பழத்துக்கு நின்ற கூட்டம் பெரிது.

"நீங்க மொத ஆளா வருவீங்கன்னு தெரியும் அத்தே" என்று குபாலெக் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனான். சீட்டுகளைக் கொடுத்தார்கள், ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு பெயர். மேசைக்கும் பெட்டிக்கும் நடுவே ஆறடி. எப்போதும் போல நேரே நடந்து பெட்டியில் போட வேண்டியதுதான். பாதி தூரத்தில் என் இடது காலுறையைப் பிடித்திருந்த எலாஸ்டிக் பட் என்று அறுந்தது. காலுறை சரசரவென்று கணுக்காலுக்கு வந்துவிட்டது. தேர்தல் குழுவில் மூன்று ஆண்பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். சுவரில் ஜனாதிபதி வேறு பார்த்துக்கொண்டிருக்கிறார். எங்கே போய்ப் பாவாடையைத் தூக்குவது?

மூலையில் அந்த மடக்குத் தட்டி நின்றது. ரகசியமாகச் சீட்டைத் திருத்த விரும்புகிறவர்களுக்கு என்று சட்டப்படி வைத்திருக்கிறார்களே, அது. அதற்குப் பின்னால் ஒரு ஜீவனும் போனதில்லை. முன்னால் பூச்சாடியும் கொடியும் வைத்து வழியையே அடைத்திருந்தார்கள். நான் பூச்சாடியை நகர்த்திவிட்டு உள்ளே போனேன். துடைப்பம், உடைந்த நாற்காலி, ஒட்டடை. காலுறையை இழுத்து முடிச்சுப் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். வாத்தியம் நின்றுபோயிருந்தது. எல்லாரும் என்னையே பார்க்கிறார்கள்.

"என்ன அப்படிப் பாக்கறீங்க? எலாஸ்டிக் அறுந்துபோச்சு!" என்றேன். ஒருவரும் சிரிக்கவில்லை. யூஃபேமியா மட்டும் சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள்.

சீட்டைப் பெட்டியில் போட்டேன். வரிசையில் நின்று மூன்று வாழைப்பழம் வாங்கினேன். இரண்டை உனக்காக வைத்திருந்தேன், கறுத்துப்போனதால் நானே சாப்பிட்டுவிட்டேன்.

நன்றாகத் தேர்வு எழுது. முதல் கேள்வியை இரண்டு தடவை படி.

உன் பாட்டி

*

பிர்னோ
30 ஜூன் 1981

அன்புள்ள பாட்டிக்கு,

பதில் எழுதத் தாமதம், மன்னியுங்கள். தேர்வு இருந்தது. நன்றாக எழுதியிருக்கிறேன். வேதியியலில் எல்லாமே தெரிந்த கேள்விகள். உயிரியலில் ஒன்றில் மட்டும் சந்தேகம். வெளியே வந்ததும் ஒரு பேராசிரியர், "எந்த ஊர் நீ? உன்னை ஞாபகம் வச்சுக்குவேன்" என்று சிரித்தார்.

தேர்தல் அன்று முதன்முதலாக வாக்களிப்பவர்களுக்கெல்லாம் சிவப்புக் கார்னேஷன் பூ ஒன்று கொடுத்தார்கள். எங்கள் வகுப்புப் பெண்கள் இருபத்திரண்டு பேரும் வரிசையாகப் போய், வரிசையாகப் போட்டு, வரிசையாக வெளியே வந்தோம். நாலு நிமிடம் ஆனது.

பாட்டி, நீங்கள் எழுதிய அந்தத் தட்டி விஷயத்தை வேறு யாருக்காவது எழுதினீர்களா? எழுத வேண்டாம். பேசவும் வேண்டாம்.

முட்டி எப்படி இருக்கிறது?

ஸ்வதவா

*

ஹ்ருஷ்கோவ்
12 ஜூலை 1981

செல்லம் ஸ்வதவாவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் சரியில்லை. நீ சாப்பிடுகிறாயா?

யாருக்கும் எழுதவில்லை. எழுத வேண்டிய அவசியமும் இல்லை, ஊருக்கே தெரியும். ரொட்டிக் கடையில் என்னைப் பார்த்ததும் பேச்சு நிற்கிறது. என் பெயரைச் சொல்வதில்லையாம், "தட்டிக்காரி" என்கிறார்களாம். யூஃபேமியா அழுதுகொண்டே வந்து சொன்னாள். உன் மாமா இரண்டு ஞாயிறாக வரவில்லை. முயல் வளர்க்கிற வாண்டு மட்டும் வேலி வழியாக வந்து போகிறான்.

செவ்வாய்க்கிழமை குபாலெக் வந்தான். எப்போதும் சமையலறை வழியாக வருகிறவன், அன்றைக்கு முன்வாசல் மணியை அடித்தான். தொப்பியைக் கழற்றவில்லை.

"அத்தே, ஷ்டெஃபல் பேர்ல ஒரு சீட்டு கோடு போட்டு வந்திருக்கு. நம்ம ஊர்ல நானூத்துப் பதினொரு வாக்கு. நானூத்துப் பத்து சுத்தம். ஒண்ணு அடிச்சது."

"அதுக்கு நான் என்ன பண்ணட்டும்?"

"தட்டிக்குப் பின்னாடி போனது நீங்க ஒருத்தர்தான்."

"காலுறை அறுந்துபோச்சுன்னு சொன்னேனில்ல?"

"பக்கத்து ஊர் நூத்துக்கு நூறு. பரிசுக் கொடி அங்க போயிடுச்சு. மாவட்டத்துல என்னைக் கூப்பிட்டுக் கேக்கறாங்க. அவங்ககிட்ட உங்க காலுறையப் பத்திப் பேசச் சொல்றீங்களா?"

மறுநாள் நானே அந்தக் காலுறையைத் துவைத்து, அறுந்த எலாஸ்டிக்கோடு தாளில் சுற்றி, அவன் ஆபீசுக்கே எடுத்துப் போனேன். தட்டச்சுப் பெண்ணுக்கு முன்னாலேயே மேசையில் விரித்தேன். "பாரு! பொய்யா இது?" என்றேன். அவன் காது சிவந்துவிட்டது. "எடுத்துக்கிட்டுப் போங்க அத்தே, தயவுபண்ணி எடுத்துக்கிட்டுப் போங்க" என்றான்.

எலாஸ்டிக் அறுந்தது சத்தியம். இதை உன் அம்மாவின் கல்லறையில் கைவைத்தும் சொல்வேன்.

முடிவு வந்ததும் உடனே எழுது.

உன் பாட்டி

*

பிர்னோ
24 ஜூலை 1981

அன்புள்ள பாட்டிக்கு,

நான் சௌக்கியம். கடிதம் வந்துவிட்டது. "விண்ணப்பித்தோர் மிகுதியால் இடமளிக்க இயலவில்லை." அவ்வளவுதான், ஒரே வரி. மார்க் பட்டியலில் நான் ஏழாவது. எடுத்தது நூற்றிருபது பேரை. எனக்குப் பின்னால் இருந்த நூற்றுப் பதினாலு பேருக்கு இடம் இருந்திருக்கிறது.

அலுவலகத்தில் ஒரு அம்மாள் நல்லவர். கதவைச் சாத்திவிட்டு மெல்லச் சொன்னார்: "உன் ஊர்லேர்ந்து ரெண்டாவதா ஒரு நற்சான்று வந்திருக்கு. மொதல்ல வந்ததை ரத்து பண்ணியிருக்காங்க."

அழவில்லை. மேல்முறையீடு செய்யப் பதினைந்து நாள் இருக்கிறது. நேரில் கூப்பிடுவார்களாம். நடந்ததை நடந்தபடி சொல்லப் போகிறேன், காலுறை, எலாஸ்டிக் எல்லாம். சிரித்தால் சிரிக்கட்டும். எழுபத்தொரு வயதுப் பாட்டியின் காலுறைக்காகப் பேத்தியைத் தண்டிக்க அவர்களுக்கே வெட்கமாக இருக்கும். உண்மைதானே, சொல்வதற்கு என்ன?

நீங்கள் மனசைப் போட்டு அலட்டிக்கொள்ளாதீர்கள். தப்பு உங்கள்மேல் இல்லை.

ஸ்வதவா

*

ஹ்ருஷ்கோவ்
3 ஆகஸ்ட் 1981

ஸ்வதவாவுக்கு,

நலமா? நான் இருக்கிறேன்.

இந்த வருஷம் பிளம் நன்றாகப் பிடித்திருக்கிறது. கிளை தாங்காமல் முட்டுக்கொடுத்திருக்கிறேன். கொஞ்சம் மழை வேண்டும்.

மேல்முறையீட்டில் காலுறைக் கதையைச் சொல்ல வேண்டாம். சிரிப்பார்கள், உனக்கு மரியாதைக்குறைவு. பாட்டிக்கு வயதாகிவிட்டது, புத்தி பிசகிவிட்டது, என்ன செய்தாள் என்று அவளுக்கே தெரியாது என்று சொல். அதுதான் நல்லது. காலுறை என்ற பேச்சே எடுக்காதே. நான் சொன்னால் கேள்.

ஜாம் கிண்டும்போது உனக்கு இரண்டு பாட்டில் எடுத்துவைக்கிறேன்.

பாட்டி

*

பிர்னோ
14 ஆகஸ்ட் 1981

அன்புள்ள பாட்டிக்கு,

உங்கள் கடிதம் வந்தபோது விசாரணை முடிந்திருந்தது. முட்டியைப் பற்றி ஒன்றும் எழுதவில்லையே, தேவலையா?

ஐந்து பேர் இருந்தார்கள். நான் நின்றுகொண்டே பேசினேன். எல்லாவற்றையும் சொன்னேன். பூச்சாடி, துடைப்பம், வாழைப்பழ வரிசைகூட. முதலில் ஒருவர் சிரித்தார், அப்புறம் எல்லாரும் சிரித்தார்கள். நல்ல சிரிப்பு என்றுதான் நினைத்தேன். பிறகு ஓரத்தில் இருந்தவர் கேட்டார்: "எலாஸ்டிக் என்ன நிறம்மா?" எனக்குத் தெரியவில்லை. "வெள்ளை" என்றேன். "வெள்ளைன்னு எழுதிக்கங்க" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். மறுபடி சிரிப்பு.

தலைவர் சிரிக்கவில்லை. "இதெல்லாம் உண்மைன்னு உன் பேர்ல பொறுப்பேத்துக்கறியா?" என்றார். "எங்க பாட்டி பொய் சொல்ல மாட்டாங்க" என்றேன். அதையும் எழுதிக்கொண்டார்கள். நான் கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் பதில் வந்தது. நிராகரிப்பு.

புத்தி பிசகிவிட்டது என்று உங்களைப் பற்றிச் சொல்லியிருக்க என்னால் முடியாது. அதை ஏன் எழுதினீர்கள் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

முதல் தேதியிலிருந்து ஒரு ஆஸ்பத்திரியில் வார்டு ஆயா வேலை. படுக்கை மாற்றுவது, தூக்கி உட்காரவைப்பது, மலத்தட்டு எடுப்பது. தங்க இடமும் கொடுக்கிறார்கள்.

ஸ்வதவா

*

ஹ்ருஷ்கோவ்
23 ஆகஸ்ட் 1981

ஸ்வதவா, என் கண்ணே,

இதைத் தபாலில் போடவில்லை. யூஃபேமியா கண் ஆஸ்பத்திரிக்கு வருகிறாள், அவள் கையில் கொடுக்கிறேன். படித்ததும் அடுப்பில் போடு.

எலாஸ்டிக் அறுந்தது உண்மை. அதற்காகத்தான் தட்டிக்குப் பின்னால் போனேன் என்பதும் உண்மை. காலுறையைக் கட்டி முடித்தேன். அதோடு வெளியே வந்திருக்க வேண்டும்.

துடைப்பத்துக்குப் பக்கத்தில் சின்ன மேசை ஒன்று இருந்தது என்று உனக்கு எழுதவில்லை. அதில் நூலில் கட்டிய பென்சில். யாரும் தொடாததால் கூர் மழுங்காமல் புதிதாகவே இருந்தது. என் கையில் சீட்டு. மேலே ஷ்டெஃபலின் பெயர்.

தெரிந்தவரா என்று கேட்டாய். தெரியும். ஐம்பத்திரண்டில் அவன் இருபத்தாறு வயதுப் பையன், தோல் கோட்டுப் போட்டுக்கொண்டு எங்கள் முற்றத்துக்கு வந்தான். நிலத்தைக் கூட்டுப்பண்ணையில் சேர்க்க உன் தாத்தா மெதோதெய் கையெழுத்துப் போடவில்லை. "யோசிச்சுச் சொல்றேன்" என்றார், அவ்வளவுதான். ஷ்டெஃபல் என்னைப் பார்த்துச் சொன்னான்: "உங்க வீட்டுக்காரர் சுரங்கத்துல உக்காந்து யோசிக்கட்டும்." பதினாலு மாதம் சுரங்கத்தில் வைத்திருந்தார்கள். திரும்பி வந்தவர் மாடிப்படி ஏற முடியாமல் ஏழு வருஷம் இருமிவிட்டுப் போனார். நெஞ்சில் சளி என்று உன்னிடம் சொல்லி வைத்திருந்தேன்.

எழுபத்தொன்றிலும் எழுபத்தாறிலும் அவன் பெயரை இதே கையால் பெட்டியில் போட்டேன். சிரித்துக்கொண்டே போட்டேன். வேறு எப்படிப் போடுவது, நீ சின்னப்பெண். இந்தத் தடவையும் அப்படித்தான் போட இருந்தேன், சத்தியமாக. ஆனால் ஸ்வதவா, இந்த இருபத்தொன்பது வருஷத்தில் அவன் பெயரும் நானும் ஒரு பென்சிலும் தனியாக இருந்தது அந்த இரண்டு நிமிடம்தான். குறுக்கே ஒரு கோடு போட்டேன். கோணலாகக்கூட இல்லை.

வெளியே வந்த பிறகுதான் உன் ஞாபகம் வந்தது. அதற்கு முன்னால் வரவில்லை. அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஜூலையில் குபாலெக் இன்னொன்றும் சொன்னான். பாதிரியார் வீட்டு யூஃபேமியா தூண்டிவிட்டுத்தான் செய்தேன் என்று எழுதிக் கொடுத்தால், ஏமாந்த கிழவி என்று விட்டுவிடுவார்களாம், உன் முதல் நற்சான்று நிற்குமாம். பேனாவைக் கையில் வாங்கினேன். உனக்காக அவள் பெயரில் பாதி எழுதியும் விட்டேன். அப்போது அவள் என் வாசல் படியில் உட்கார்ந்து எனக்காகப் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். தாளைக் கிழித்து அடுப்பில் போட்டேன். இந்தக் கடிதத்தைக் கொண்டுவருகிறவளுக்கு அது தெரியாது.

உனக்கு என்ன எழுதத் தோன்றினாலும் எழுது. எழுதாமல் மட்டும் இருக்காதே.

பாட்டி

*

பிர்னோ
18 அக்டோபர் 1981

பாட்டிக்கு,

எட்டு வாரம் எழுதவில்லை. எழுத உட்கார்ந்தேன், எழுதியதையெல்லாம் கிழித்தேன். உடம்பு நன்றாக இருக்கிறது. முதுகுதான் வலிக்கிறது, ஆட்களைத் தூக்குவதால்.

நீங்கள் கோடு போட்டதற்கு எனக்குக் கோபம் இல்லை. முதலில் இருந்தது, செப்டம்பர் முழுக்க இருந்தது. வகுப்பில் எனக்குக் கீழே இருந்த பெண் ஒருத்தி வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு எங்கள் வார்டுக்கு வந்தாள். என்னைப் பார்த்து, "ஸ்வதவா, நீ இங்க என்ன பண்றே?" என்றாள். கையில் மலத்தட்டோடு நின்றேன். அன்றைக்கு உங்கள்மேல் வந்த கோபத்தை எழுதியிருந்தால் இந்தக் காகிதம் தாங்கியிருக்காது.

இப்போது இருக்கிற கோபம் வேறு. ஐந்து பேருக்கு முன்னால் என்னை நிற்கவைத்துவிட்டீர்கள். எங்க பாட்டி பொய் சொல்ல மாட்டாங்க என்று என் வாயால் சொல்லவைத்துவிட்டீர்கள். எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நேரில் வந்து காதில் சொல்லியிருக்கலாம், நாலு மணி நேரப் பஸ்தானே. தெரிந்திருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். சிரிக்கவும் விட்டிருக்க மாட்டேன்.

யூஃபேமியாவைப் பற்றி எழுதியதை நாலு தடவை படித்தேன். அவர் கண்ணில் கட்டோடு எங்கள் வார்டைத் தேடிக் கண்டுபிடித்து வந்து, கடிதத்தைக் கொடுத்துவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நீங்கள் கிழித்தது சரி. அதை எனக்காக எழுதியிருந்தால் நான் அந்தக் கல்லூரிக்குள் எப்படி நடந்திருப்பேன் என்று தெரியவில்லை.

அடுத்த வருஷமும் எழுதலாமாம். ஆனால் அதே ஊர், அதே முகவரி, அதே நற்சான்று. தலைமைச் செவிலி சொல்கிறார், வீண்வேலை என்று.

ஒன்று மட்டும் சொல்லுங்கள். அந்தக் கோட்டைப் போட்டபோது கை நடுங்கியதா?

ஸ்வதவா

*

ஹ்ருஷ்கோவ்
2 நவம்பர் 1981

என் ஸ்வதவாவுக்கு,

இன்றைக்குக் கல்லறைத் திருநாள். உன் அம்மாவுக்கும் தாத்தாவுக்கும் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்து எழுதுகிறேன். நடந்து போய் நடந்தே வந்தேன், முட்டி அந்த அளவுக்கு இருக்கிறது. முதுகுக்குப் பட்டை கட்டிக்கொள். ஆளைத் தூக்கும்போது இடுப்பை வளைக்காதே, முட்டியை மடக்கு. கன்றுக்குட்டி தூக்கியவள் சொல்கிறேன்.

கை நடுங்கவில்லை. ஐந்தாம் வகுப்பில் பலகையில் கோடு போடக் கூப்பிட்டபோது நடுங்கியது, இதற்கு நடுங்கவில்லை. பெட்டியில் போடும்போதுதான் நடுங்கியது.

நீ சொன்னது அத்தனையும் சரி. பஸ் ஏறி வந்திருக்க வேண்டும். ஜூலையில் ஒரு நாள் நிறுத்தம் வரை வந்து, பஸ் போனதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உன் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியம் இல்லை. பென்சில் பிடிக்க இருந்தது, அதற்கு இல்லை.

உன் கடிதம் வந்த மறுநாள் குபாலெக்கிடம் போனேன். தட்டச்சுப் பெண்ணை வெளியே போகச் சொன்னேன், போனாள்.

"அர்னோஷ்ட், கோடு போட்டது நான். யாரும் சொல்லிக் கொடுக்கல. இது என் வாக்குமூலம், என் கையெழுத்து. எழுத்துப்பிழை இருந்தா திருத்திக்க."

அவன் படித்தான். ரொம்ப நேரம் படித்தான், நாலு வரிதான். "இதை ஏன் அத்தே இப்பக் கொண்டுவர்றீங்க? ஊரே மறந்துட்டு வருது."

"ஊரு மறக்கட்டும். நீ ஒண்ணு செய்யணும். பொண்ணு பேரை என் வீட்லேர்ந்து எடுத்துடு. அவ இங்க இல்ல, ஆஸ்பத்திரி விடுதில இருக்கா. அங்க பதியட்டும். அடுத்த வருஷம் அவளுக்கு நற்சான்று அவங்க எழுதட்டும், நீ எழுத வேண்டாம். பழைய நற்சான்று ரத்தானதுக்குப் பொறுப்பு நான்னு இதுல இருக்கு. அவளுக்கு ஒண்ணும் தெரியாதுன்னும் இருக்கு."

"புரிஞ்சுதான் பேசறீங்களா? இந்தப் பாரத்துல கையெழுத்துப் போட்டா, கணக்குப்படி அவ உங்க வீட்டுப் பொண்ணு இல்ல. உங்களுக்கு நாளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா வீடும் அவளுக்கு வராது."

"பாரத்தக் குடு."

கொடுத்தான். அப்போதுதான் தொப்பியைக் கழற்றினான். "எங்கப்பாவும் அந்த ஷ்டெஃபலைக் கண்டா வேலியைச் சுத்திக்கிட்டுத்தான் போவாரு" என்று ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னான். நான் கேட்காத மாதிரி கையெழுத்துப் போட்டேன்.

விடுதிக்குப் போய் உன் பெயரை அங்கே பதிகிற பாரத்தை நிரப்பு. இங்கிருந்து உன் பெயரை எடுத்ததற்கான தாள் இந்த உறையிலேயே இருக்கிறது, தொலைத்துவிடாதே. தலைமைச் செவிலியிடம் நல்ல பெயர் வாங்கு. வாங்குவாய், எனக்குத் தெரியும். ஜனவரியில் மனு எழுது. உறவு பற்றிக் கேட்கிற இடத்தில் என் பெயரைப் போடாதே. அது வருத்தம் இல்லை, யோசித்துத்தான் சொல்கிறேன்.

மனு முடிகிற வரைக்கும் இங்கே வராதே. கிறிஸ்துமஸுக்கும் வராதே. யார் வந்தார்கள், யார் போனார்கள் என்று இங்கே எண்ணுகிறார்கள். வாசனை ரொட்டியும் ஜாமும் யூஃபேமியா கண் பார்க்க வரும்போது கொண்டுவருவாள். நாலுக்கு மேல் கொடுக்காதே என்று இந்தத் தடவை சொல்லமாட்டேன், வார்டில் எல்லாருக்கும் கொடு.

ரொட்டிக் கடை வரிசையில் நேற்று ஒருத்தி கேட்டாள், உங்க பேத்தி டாக்டராகிட்டாளா என்று. வேண்டுமென்றே கேட்டாள். "ஆஸ்பத்திரியில இருக்கா. ராத்திரி பகலா மனுஷங்களத் தூக்கி உக்காரவைக்கறா" என்றேன். கேட்காதவர்களுக்கும் கேட்கிற மாதிரித்தான் சொன்னேன்.

என்னிடம் இருப்பதெல்லாம் உன் பள்ளிக்கூடப் படங்கள்தான், அவற்றில் நீ சின்னப்பெண். ஆஸ்பத்திரி அங்கியைப் போட்டுக்கொண்டு ஒரு படம் எடுத்து அனுப்பு. அழகாக இருக்கவேண்டும் என்று இல்லை. என்மேல் இன்னும் கோபம் இருந்தால் கோபத்தோடேயே எடு, சிரிக்காதே. ஆனால் புதுப் படமாக இருக்கட்டும், இந்த வாரமே தபாலில் போடு.

உன் பாட்டி
ஃபிலொமேனா